மாப்பிள்ளையின் பிறந்த நேரம்

"எண்பது வயசு மட்டும் ஆயுள் கெட்டி எண்டுதானே சாத்திரியார் சொன்னவர். நீங்கள் ஏனப்பா அந்தப் பெடியனிட்டை மாறிச் சொன்னனீங்கள்?"

கேட்டுவிட்டு இராஜேஸ்வரி வெங்காயம் அரியத் தொடங்கினாள். தில்லைநாதன் யன்னலுக்கு வெளியே பார்த்தார். ஏப்ரல் பிறந்தும் ஒஸ்லோவின் ஓரத்து வெஸ்ட்லியில் பனி கரைந்தபாடில்லை.

"வேறை என்ன செய்யச் சொல்லுறாய்? என்ரை பிள்ளை தாலியறுத்துப்போட்டு நிக்கிறதைப் பாக்கவோ?"

"வாயைக் கழுவுங்கோ முதல்."

மகள் டிலக்சி விரும்பிய பையன் சுவீடன்காரன். பெயர் யோனாஸ். தங்கமான குணம்தான், ஆனால் தொழில் ஸ்பீட்வே. மண் வட்டத்தில் நாலு பேர் மோட்டார் சைக்கிளில் நாலு சுற்று ஓடுவார்கள். ஒரு நிமிடத்தில் எல்லாம் முடிந்துவிடும். போன இலையுதிர் காலத்தில் டிலக்சி எல்லை கடந்து சுவீடனுக்குக் கூட்டிப்போய்க் காட்டினாள். அந்தச் சைக்கிள்களுக்கு பிரேக்கே கிடையாது என்று அவள் சாதாரணமாகச் சொன்னாள். தில்லைநாதன் பன்னிரண்டு வருடமாக ஒஸ்லோவில் நிலக்கீழ் ரயில் ஓட்டுகிறவர். பிரேக்கை நம்பிச் சாப்பிடுகிற மனிதர். மிச்சப் போட்டியை அவர் கண்ணை மூடிக்கொண்டுதான் பார்த்தார்.

சாத்திரத்தில் அவருக்குப் பெரிய நம்பிக்கை இருந்ததில்லை. ஆனாலும் பொருத்தம் பார்க்காமல் அவர்கள் வீட்டில் ஒரு கல்யாணமும் நடந்ததில்லை. டிலக்சிக்குத் தெரிந்தால் ருத்திரதாண்டவம் ஆடுவாள் என்று யோனாசைத் தனியே பிடித்துக் கேட்டார். அவன் பிறந்த நாள், நேரம், ஊர் எல்லாவற்றையும் தன் கையாலேயே ஒரு கடதாசித் துண்டில் எழுதிக் கொடுத்தான்.

சாத்திரியார் குறை சொல்ல ஒன்றும் இல்லை என்றார். வாகனத்தால் கண்டமும் இல்லையாம். தில்லைநாதன் சந்தோசப்பட்டிருக்க வேண்டும். அவருக்கோ அவனை ஓடவிடாமல் நிறுத்தக் கையில் இருந்த ஒரே பிடியும் நழுவியது போல இருந்தது. போன ஞாயிற்றுக்கிழமை யோனாசைத் தனியே கூப்பிட்டு, ஓடுகிற வண்டியிலேயே உயிர் போகும் என்று சாதகம் சொல்கிறது என்றார். சொல்லும்போது குரல்கூட நடுங்கவில்லை. அவன் உடனே எழுந்து போனான்.

இன்று காலை தொலைபேசியில் சொல்கிறான், ஸ்பீட்வே கழகத்தோடு செய்த ஒப்பந்தத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டானாம்.

கொஞ்ச நாள் யோசிப்பான், சண்டை பிடிப்பான் என்றுதான் அவர் எதிர்பார்த்திருந்தார். ஆறு வயதில் மோட்டார் சைக்கிளில் ஏறியவன். பதினாறில் லீக்கில் ஓடியவன். இரண்டு தரம் தோள் எலும்பு முறிந்தும் விடாதவன். இந்த வருடம்தான் உலகப் போட்டிக்குத் தெரிவாகியிருந்தான். அத்தனையையும் ஒரு பொய்யால் பறித்துவிட்டோமே என்று தில்லைநாதனுக்கு இருந்தது. மத்தியானச் சோறு இறங்கவில்லை.

"பின்னேரம் அவன் வந்தவுடனை உண்மையைச் சொல்லிப்போடுங்கோ," என்றாள் இராஜேஸ்வரி.

"சொன்னால் திரும்ப ஓடப் போயிடுவான்."

"போகட்டும். பிள்ளைக்காகவெண்டாலும், இப்பிடிச் செய்துபோட்டு நீங்கள் நித்திரை கொள்ள மாட்டியள்."

அது உண்மைதான். சொல்லிவிடுவது என்று அவர் முடிவெடுத்தார்.

பின்னேரம் யோனாஸ் வந்தான். டிலக்சி வேலை முடிந்து வர இன்னும் ஒரு மணித்தியாலம் இருந்தது. இராஜேஸ்வரி தேத்தண்ணியை வைத்துவிட்டு, கணவருக்குக் கண்ணைக் காட்டிக்கொண்டு குசினிக்குள் போனாள். அவன் சுவீடிஷும் இவர் நோர்வேஜியனுமாகத்தான் எப்போதும் கதைப்பார்கள். டிலக்சி பழக்கிய 'மாமா' மட்டும் தமிழில் வரும்.

தில்லைநாதன் கதிரையை விட்டு எழுந்தார். உட்கார்ந்துகொண்டு சொல்கிற விசயமாக அது அவருக்குப் படவில்லை.

"யோனாஸ், அந்தச் சாதகம் பற்றி நான் உன்னிடம் ஒன்று சொல்ல வேண்டும்."

"முதலில் நான் சொல்லிவிடுகிறேன், மாமா. உங்களிடம் மன்னிப்புக் கேட்கத்தான் வந்தேன்," என்றான் அவன். "எனக்கு இந்தச் சாத்திரத்தில் நம்பிக்கை இருக்கவில்லை. சோதித்துப் பார்க்கத்தான் நினைத்தேன். நான் எழுதிக் கொடுத்தது என்னுடைய பிறந்த நாள் இல்லை. என் அண்ணாவுடையது. அவன் பத்தொன்பது வயதில் ஸ்பீட்வே ஓடும்போது விழுந்து செத்துப்போனான்."

தில்லைநாதன் எழுந்த கதிரையிலேயே மெல்ல இருந்தார்.

"அதைக் கண்டுபிடித்துச் சொன்ன சாத்திரத்தை இனி நான் நம்பாமல் இருக்க முடியுமா, மாமா?"