பசிக்கு வரைந்த படம்

செங்கல் சூளையில் பொதி சுமக்கும் இரண்டு கழுதைகள், "தீனி பத்தலைங்க" என்று மேனேஜர் நரியிடம் முறையிட்டன.

"தீனி கெடக்கட்டும். உங்களுக்குள்ள ஒத்துமைதான் பத்தலை" என்றது நரி. பெரிய காகிதத்தை விரித்து, இரண்டின் வாலிலும் பிரஷ்ஷைக் கட்டியது. "மனசுல இருக்கறதை சேர்ந்து வரைங்க!"

மனசில் புல்தான் இருந்தது. சாயங்காலம்வரை பச்சைப்பசேலென்று வரைந்தன.

"அடடா, என்ன டீம் ஸ்பிரிட்!" என்று நரி போட்டோ எடுத்துக்கொண்டு போனது. தீனித் தொட்டி காலியாகவே கிடந்தது. பசி தாங்காமல் கழுதைகள் படத்தையே தின்றன.

"நீ வரைஞ்ச பக்கம் ருசியா இருக்குப்பா" என்றது ஒன்று.

மறுநாள் விஷயம் தெரிந்ததும் நரி முதலாளி புலியிடம் ஓடியது. "நல்ல சேதிங்க ஐயா! இனிமே புல்லே வேண்டாம். தினம் ஒரு படம் போதும்."