எழுபது நிமிஷம்

திருச்சிக்குப் போகிற கார் உளுந்தூர்பேட்டைக்கு முன்னாலேயே நின்றுவிட்டது. சாலைக்குக் குறுக்கே வெட்டிப்போட்ட புளியமரம்.

இடஒதுக்கீடு கேட்டு மறியல் தொடங்கி மூன்றாவது நாள். பஸ்ஸுக்கு வழியில்லை, லாரிக்கு வழியில்லை. சாவுக்குப் போகிற வண்டிக்கு மட்டும் மரத்தைப் புரட்டி வழி விடுவார்கள்.

காரிலிருந்து இறங்கிய பெரியவர் தந்தியை நீட்டினார். அம்மா இறந்துவிட்டாள். பொழுது சாய்வதற்குள் எடுத்துவிடுவார்கள்.

மறியல் கூட்டத்திலிருந்து முன்னே வந்து வாங்கிப் படித்த தெய்வசிகாமணிக்கு ஆளை அடையாளம் தெரிந்துவிட்டது. தனசேகரன். ஒரு காலத்தில் இந்திய ஹாக்கி அணிக்கு மேனேஜர்.

தந்தியை மடித்துத் தன் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான்.

பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் இந்த மனுஷனும் இப்படித்தான் மடித்து வைத்தார். மெட்ராஸில் மலேசியாவோடு ஆட்டம். அணியில் அவனும் இருந்தான். தெய்வசிகாமணியின் அம்மா செத்துப்போனதாகக் கள்ளக்குறிச்சியிலிருந்து காலையிலேயே வந்த தந்தியை, ஆட்டம் முடிந்து கைகுலுக்கல் எல்லாம் ஆன பிறகுதான் கொடுத்தார். அவன் ஊர் போய்ச் சேர்ந்தபோது சித்தப்பா மகன் கொள்ளி வைத்து முடித்திருந்தான்.

நாட்டுக்காக ஆடிக்கொண்டிருந்தான், பாவம் என்று ஊர் அவனை மன்னித்தது. அவன் யாரையும் மன்னிக்கவில்லை. போன வருஷம் லண்டன் உலகக் கோப்பையில் இந்தியா பன்னிரண்டாவதாக, கடைசியில் வந்தபோது அவனுக்கு வயிறு குளிர்ந்தது.

"எழுவது நிமிஷம் அந்த மரத்து மேல ஒக்காருங்க சார். அப்பால வழி வுடறோம்."

ஒரு ஹாக்கி ஆட்டத்தின் நேரம். எழுபது நிமிஷம் என்றதும் தனசேகரன் நிமிர்ந்து அவன் முகத்தைப் பார்த்தார். போய் மரத்தின் மேல் உட்கார்ந்தார்.

சாவு வண்டியை நிறுத்துவது நல்லதில்லை என்று கூட நின்ற முனியன் முணுமுணுத்தான். தெய்வசிகாமணி காதில் போட்டுக்கொள்ளவில்லை. கைக்கடிகாரத்தையே பார்த்துக்கொண்டு நின்றான்.

அறுபது நிமிஷம் ஆயிற்று. வெயில் இறங்கிக்கொண்டிருந்தது. போதும் என்று அவனுக்கே தோன்றியது. மரத்தைப் புரட்டச் சொல்ல வாயெடுத்தான்.

அதற்குள் தனசேகரன் எழுந்து வந்து அவன் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அன்னிக்கு நீ கோல்ல நின்னதாலதானேப்பா ஜெயிச்சோம். உன்னை அனுப்பிட்டு நான் வேற யாரை நிறுத்துவேன்?"

தெய்வசிகாமணி கையை உருவிக்கொண்டான்.

அன்று அவன் கோலில் நிற்கவில்லை. மாற்று கீப்பர். காலில் பேடு கட்டிக்கொண்டு எழுபது நிமிஷமும் வெளியே பெஞ்சில்தான் உட்கார்ந்திருந்தான்.

"ஒக்காருங்க சார்" என்றான்.

கடிகாரத்தைப் பார்த்து முதலிலிருந்து எண்ண ஆரம்பித்தான்.