ஐயாத்துரையின் பேஸ் கிற்றார்

"கதவைச் சாத்திப்போட்டு வாசியும் தம்பி. நான் சுவருக்கு அங்கால நிண்டு கேக்கிறன்" என்று சொல்லிவிட்டு ஐயாத்துரை வெளியே போனார்.

சிவகரனுக்கு ஒன்றும் விளங்கவில்லை. கிளிநொச்சியில் ஸ்பீக்கர் பெட்டி திருத்திக்கொண்டிருந்தவன், பலா மரத்தில் தன் கையாலேயே செய்த முதல் பேஸ் கிற்றார் இது. துணுக்காயில் வயல் செய்கிற ஐயாத்துரைதான் செய்யச் சொல்லியிருந்தார். நல்லபடி அமைந்தால் திருவிழா இசைக்குழுக்கள் அவனைத் தேடி வரும். சொதப்பினால் ஆயுளுக்கும் ஸ்பீக்கர் பெட்டிதான்.

மரவேலை முடிந்துவிட்டது. மிச்சம் பிக்கப் மட்டும்தான். தந்தியின் அதிர்வைப் பிடித்து ஸ்பீக்கருக்கு அனுப்புகிற காந்தம் அது. கழுத்துப் பக்கம் வைத்தால் சத்தம் தடிப்பாக நெஞ்சில் இடிக்கும். தந்தி முடிகிற பக்கம் வைத்தால் மெல்லிசாக, தெளிவாக வரும். இரண்டையும் பொருத்தி எதை எவ்வளவு கலப்பது என்பதில்தான் சூட்சுமம்.

முதலில் கழுத்துப் பக்கத்துப் பிக்கப்பில் வாசித்தான். யன்னல் கண்ணாடி கிடுகிடுத்தது. அவனுக்கே புல்லரித்தது.

ஐயாத்துரை கதவைத் திறந்து தலையை மட்டும் நீட்டினார். வேப்பங்காயைக் கடித்தவர் போல முகம்.

"ஐயோ, இது வேண்டாம் தம்பி!"

"மற்றதைப் போடுறன். கேட்டுப்பாருங்கோ."

இந்த முறை சிரித்துக்கொண்டே வந்தார். "ஓம், இது அருமை!"

"ஐயா, தனிய இதை வைச்சால் தகரத்தில தட்டின மாதிரி இருக்கும். வாசிக்கிறவருக்குப் பிடியாது."

சிரிப்பு சட்டென்று மறைந்தது. "அது கூடாது. வாசிக்கிறவர் சந்தோசப்படோணும். இல்லாட்டித் தன்ர பழைய கிற்றாரையே திருப்பிக் கையில எடுத்திடுவார்."

"அப்ப ரெண்டையும் கலந்து பாப்பம்."

"கலவும். ஆனால் நான் அங்கால நிண்டு கேட்டுத்தான் சொல்லுவன். இது கல்லுச் சுவர்தானே?" என்று சுவரை விரலால் தட்டிப் பார்த்தார்.

சிவகரனுக்கு மனுசர் மேல் மரியாதை பொங்கியது. கூட்டத்தின் கடைசியில் இருப்பவனுக்கு எப்படிக் கேட்கும் என்றல்லவா பார்க்கிறார்! ஒரு காலத்தில் பெரிய வாத்தியக்காரராக இருந்திருக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டான்.

பின்னேரம் வரை இதே பாடுதான். அவன் கலப்பதும், அவர் போய்ப் போய் வருவதும், "தடிப்பை இன்னும் கொஞ்சம் குறையும்" என்பதும். கடைசியில் ஒரு கலவை அமைந்தது. பக்கத்தில் இருந்து வாசிப்பவனுக்குப் போதிய கனமும் இருந்தது, தெளிவும் இருந்தது. சிவகரன் யன்னலால் எட்டிப் பார்த்தான். ஐயாத்துரை தலையைச் சுவரில் சாய்த்து, கண்களை மூடி, அப்படியே சொக்கிப்போய் நின்றார்.

"இதிலயே பூட்டிவிடும் தம்பி" என்றார் உள்ளே வந்து. "மாத்திற குமிழ் ஒண்டும் வெளியில இருக்கக் கூடாது."

"வாசிக்கிறவர் தன்ர விருப்பத்துக்கு மாத்த வேண்டாமோ?"

"வேண்டவே வேண்டாம்!"

கம்பிகளை உள்ளேயே ஒட்டி மூடி, கிற்றாரை உறையில் போட்டுக் கொடுத்தான் சிவகரன். கேட்காமல் இருக்க அவனால் முடியவில்லை.

"ஐயா, மேடையில வாசிக்கேக்க என்ர பேரையும் ஒருக்காச் சொல்லச் சொல்லுங்கோ. எந்த இசைக்குழு?"

"மேடையோ?" ஐயாத்துரை அவனை விநோதமாகப் பார்த்தார். "இது என்ர மருமகனுக்கு. மகளுக்குச் சீதனமாய்க் குடுத்த வீட்டிலதான் நானும் மனிசியும் இருக்கிறம். இரவிரவாய் அவர் வாசிக்கிற அறைக்கும் எங்கட கட்டிலுக்கும் நடுவில ஒரேயொரு கல்லுச் சுவர். மருமகனிட்டப் போய்ச் சத்தத்தைக் குறையுங்கோ எண்டு வாய் திறந்து சொல்ல ஏலுமே தம்பி?"