நூற்றெண்பது வாசல்

"வண்டியைக் கீழ இறக்காதே தம்பி. இங்கயே ஓரங்கட்டு. அந்த மொட்டைமாடிதான் பார்க்கிங்."

கிஹ்வான் பிரேக்கை மிதித்தான். மலையின் இடுப்பைச் சுற்றிப் போகும் சாலைக்குச் சமமாக ஒரு வீட்டின் மொட்டைமாடி நீட்டிக்கொண்டிருந்தது. அதற்குக் கீழே, கொரியாவின் பூசான் துறைமுகம் வரைக்கும் வீடுகளும் சந்துகளும் படிகளும்தான்.

"மாடி தாங்குமாக்கா? ஒரு டன் வண்டி."

"பதினெட்டு வருஷமா தாங்குது."

பக்கத்து சீட்டில் இருந்த சுனோக்குக்கு ஐம்பத்தெட்டு வயது. இது அவள் கணவர் தோக்சு வீடு வீடாகப் பார்சல் போட்ட லைன், அவர் பொறுப்பிலிருந்த பகுதி. இரண்டு மாதம் முன்பு மாரடைப்பில் போய்விட்டார். இந்த மாதத்துக்குள் யாரும் வாங்காவிட்டால், ஏஜென்சி லைனைத் துண்டு போட்டுப் பக்கத்து ஆட்களுக்குக் கொடுத்துவிடும். அவளுக்கு ஒன்றும் மிஞ்சாது. ஏற்கெனவே இரண்டு பேர் தாங்களாகவே வந்து படிகளைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போயிருந்தார்கள்.

கிஹ்வான் மூன்றாவது ஆள். சிக்கன் கடையை விற்றதில் மிஞ்சியதைக் கொண்டுவந்திருந்தான். வாங்கினால் லைனும் வண்டியும் அவனுடையவை. முதலாளி கிடையாது, சம்பளம் கிடையாது, படியில் விழுந்தால் தூக்கிவிட ஆளும் கிடையாது. கையெழுத்துக்கு முன்னால் ஒரு நாள் லைனைச் சுற்றிப் பார்ப்பது இந்தத் தொழிலில் வழக்கம். அதற்குத்தான் வந்திருந்தான்.

கிம்ச்சி ஊறுகாய் போடும் மாதம். சின்னப் பார்சல்களுக்கு நடுவே உப்பில் ஊறிய முட்டைக்கோஸ் பெட்டிகள் முப்பது, ஒவ்வொன்றும் இருபது கிலோ. முதல் பெட்டியைத் தோளில் ஏற்றிக்கொண்டான்.

"முப்பத்தொண்ணு பை ஏழு. எந்தச் சந்துக்கா?"

சுனோக் ஒரு கணம் கண்ணை மூடினாள். "மூணாவது. நாப்பத்திரெண்டு படி இறங்கணும். பதினாறாவது படி உடைஞ்சிருக்கும், இடது ஓரமா காலை வை. நீலக் கேட்டு."

பதினாறாவது படி உடைந்துதான் கிடந்தது. ஆனால் கேட்டு நீலமாக இல்லை.

"பச்சையா இருக்கேக்கா."

பின்னால் கம்பியைப் பிடித்து இறங்கி வந்தவள் அப்படியே நின்றாள். முகம் வெளுத்துவிட்டது. கேட்டில் விரலை வைத்துத் தேய்த்தாள். பிசுபிசுவென்று பச்சை ஒட்டியது.

"இப்பத்தான் அடிச்சிருக்காங்க" என்று பெருமூச்சு விட்டாள்.

அதற்கப்புறம் அவள் தடுமாறவே இல்லை.

"சுமையோட ஏறாதே. மேல் ரோட்டுல நிறுத்தி இறங்கு, வெறுங்கையோட ஏறு. இந்த மலைக்கு மூணு ரோடு. மூணுலயும் அப்படித்தான்."

"அந்த வீட்டு நாய் குரைக்காது, கடிக்கும். பெட்டியை மதில் மேல வச்சிட்டு வந்துடு."

"இந்தத் தண்ணி பாட்டில் கட்டைத் தரையில வைக்காதே, ஜன்னல் திட்டுல வை. அந்த மனுஷனுக்கு இடுப்பு ஆபரேஷன், குனிய முடியாது."

"ரெண்டு வீட்டுக்கும் ஒரே நம்பர்தான். மீட்டர் மூடி வட்டமா இருந்தா தையல்காரி வீடு, சதுரமா இருந்தா மாலுமி வீடு."

கிஹ்வான் எட்டிப் பார்த்தான். மூடி சதுரமாக இருந்தது. பெட்டியின் மேல் இருந்ததும் ஆண் பெயர்தான்.

"போன்ல இருக்கிற மேப்பு உங்ககிட்ட தோத்துதுக்கா."

"மேப்புக்கு முட்டி வலிக்காது. அதுக்கென்ன தெரியும்? நீ என்ன இப்படி மூச்சு வாங்குறே? சிக்கனையெல்லாம் நீயே தின்னுதான் கடையை மூடினியா?"

அவனுக்குச் சிரிக்கவும் மூச்சில்லை.

எங்கும் எந்தக் கதவும் திறக்கவில்லை. பெட்டியை வை, படம் எடுத்து அனுப்பு, அடுத்த வாசலுக்குப் போ. நாலரை மணிக்கு வண்டி காலியாகிவிட்டது. நூற்றெண்பது வாசல். ஒரு வாசல்கூடத் தப்பவில்லை, ஓர் இடத்தில்கூட வந்த வழியே திரும்பவில்லை. மூட்டை தூக்கும் ஆட்களோடு வளர்ந்தவன் அவன். எத்தனையோ கெட்டிக்காரர்களைப் பார்த்திருக்கிறான், இப்படி ஒருத்தியைப் பார்த்ததில்லை. ஒரு மலையையே மனப்பாடமாக வைத்திருக்கிறாள்.

சுனோக் தடுப்புச் சுவரில் சாய்ந்து கடலையும் கீழே இறங்கும் கூரைகளையும் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

இந்தத் தொழிலில் புருஷனும் பெண்டாட்டியும் ஒரே வண்டியில் ஏறுவது சகஜம். தோக்சு கொடுத்துவைத்தவர் என்று நினைத்துக்கொண்டான். ஒப்பந்தத் தாளை வண்டியின் முன்கண்ணாடி மேல் வைத்துக் கையெழுத்துப் போட்டான். அவளும் போட்டாள்.

"ஒரு மாசம் என்கூட வாங்கக்கா. கூலி கொடுத்துடறேன்."

"வேணாம் தம்பி. தெரிஞ்சதையெல்லாம் இன்னிக்கே சொல்லிட்டேன்."

"பதினெட்டு வருஷம் அவரோட ஏறி இறங்கினவங்க நீங்க. ஒரே நாள்ல சொல்லித் தீருமா?"

சுனோக் கடலிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னாள்.

"நான் எங்க ஏறினேன்? எனக்கு மீன் சந்தையில ராத்திரி வேலை, பகல்ல தூக்கம். இந்த மலையை இன்னிக்குத்தான் மொத மொதலா பார்க்கிறேன். அவர் வந்து நான் கிளம்புறதுக்குள்ள ஒருவேளைச் சோறுதான் சேர்ந்து சாப்பிடுவோம். அதுக்குள்ள படி, நாய், கேட்டு, மீட்டர்னு ஒண்ணு விடாம சொல்லிக்கிட்டே இருப்பாரு... வாயை மூடிட்டுச் சாப்பிடுங்க, குழம்பு ஆறுதுன்னு தினமும் நான் திட்டுவேன்."