மரத்த கால்

பாதம் மரத்துப்போகிறது என்று மங்கை சொன்னதும், வீட்டுச் சுவரிலிருந்த மருந்துப் பெட்டி ஒரு வைட்டமின் பி மாத்திரையைத் தள்ளியது. அலுவலகத்துப் பெட்டியும் தன் பங்குக்கு ஒன்று தள்ளியது. அதை விழுங்கினால்தான் அங்கே வருகைப் பதிவு.

தினமும் இரண்டு பெட்டிகளும் கேட்கும்: "இன்னும் மரத்துப்போகிறதா?"

"ஆமா."

ஒன்றுக்குத் தெரியாமல் மற்றொன்று அளவைக் கூட்டும்.

சித்திரை மாத நடுப்பகலில் மங்கையும் அவள் கணவன் தயாபரனும் கோயிலுக்குப் போனார்கள். பிராகாரத்துக் கல் கொதித்தது. தயாபரன் குதித்துக் குதித்து நிழலுக்கு ஓடினான். மங்கை நிதானமாக மூன்று சுற்று வந்தாள்.

"என்ன பக்தி!" என்று யாரோ ஒரு பெண் அவளைக் கும்பிட்டாள்.

அவள் உட்கார்ந்தபோதுதான் தயாபரன் அவள் உள்ளங்காலைப் பார்த்தான். முழுக்கக் கொப்புளம்.

"சூடு தெரியலையாடி உனக்கு?"

"எதுங்க?"

கட்டுப் போட்ட டாக்டர் கத்தினார். "பி12 குறைஞ்சாலும் மரக்கும், அந்த மாத்திரையில இருக்கிற பி6 கூடினாலும் மரக்கும். ரத்தம் பாக்காம யாரும்மா கூட்டினது? முதல்ல நிறுத்துங்க!"

மறுநாள் காலையில் வீட்டுப் பெட்டி கேட்டது: "இன்னும் மரத்துப்போகிறதா?"

ஆமாம் என்றால் இன்னொன்று விழும்.

"இல்ல. சரியாப் போச்சு."

"மகிழ்ச்சி. உங்கள் தெருவில் கால் மரத்த அனைவருக்கும் இதே அளவைத் தொடங்குகிறேன்."