கழகத்துக்குச் சொந்தமானது

கொட்டாஞ்சேனையின் பழைய உதைபந்தாட்டக் கழகமொன்றை வாங்கிய நவநீதகிருஷ்ணன், பொடியன்மார் அணியைக் கலைக்கப்போவதாகச் சொன்னார். ஒருகாலத்தில் அங்கே ஆடியவரும் கழகத்தின் தீவிர ரசிகருமான கொன்ஸ்ரன்ரைன் பதறிப்போய் மைதானத்துக்கே வந்துவிட்டார்.

"சரித்திரம் தெரியாமக் கதைக்கிறீங்க, சேர். இளம் ஆட்டக்காரருக்கு வீடு கட்டிக் குடுத்த கழகம் இது!"

"வீடா? எங்க?"

"அந்தா, கோலுக்குப் பின்னால தெரியிற வரிசை முழுக்க."

"வீட்டு உறுதிப் பத்திரம் ஆர்ட பேர்ல?"

"கழகத்தின்ட பேர்லதான். இருக்கிற ஒருத்தருக்கும் உறுதி இல்ல" என்றார் கொன்ஸ்ரன்ரைன் பெருமையாக.

நவநீதகிருஷ்ணன் சிரித்தார். "அப்ப அணி இருக்கட்டும், அங்கிள்." உடனே வழக்கறிஞருக்கு அழைப்பெடுத்தார். "கோலுக்குப் பின்னால உள்ள வீடெல்லாம் எங்கடதானாம். மாசக் கடைசிக்குள்ள குடியிருக்கிற ஆக்கள எழுப்பி வெளியில விடவேணும்."

பிறகு காரின் கதவைத் திறந்தார். "ஏறுங்க அங்கிள், வீட்டில இறக்கிவிடுறன்."

கொன்ஸ்ரன்ரைன் ஏறவில்லை. கோலுக்குப் பின்னால், மூன்றாவது வாசலில், அவருடைய மனைவி உடுப்புக் காயப்போட்டுக்கொண்டிருந்தாள்.