அறைவீடு

பாடம் நடத்துகிற அக்கா ஆலயக் கிணற்றை எட்டிப் பார்த்தாள். தண்ணீர் அசையாமல் கிடந்தது.

அது நல்லதா கெட்டதா என்று தெரியவில்லை.

"ஹெப்சி!"

பதில் இல்லை.

ஆலயத்துக்கு முன்னால் ரோடு. மணல் லாரிகள் பறக்கிற ரோடு.

விடுமுறை வேதாகமப் பள்ளியில் அன்றைக்கு ஜெப வசனம்: "உன் அறைவீட்டுக்குள் பிரவேசித்து, உன் கதவைப் பூட்டி, அந்தரங்கத்திலிருக்கிற உன் பிதாவை நோக்கி ஜெபம்பண்ணு." மனப்பாடம் என்றாலே பிள்ளைகள் கொட்டாவி விடுகிறார்கள் என்று அக்காதான் அதை விளையாட்டாக்கினாள். "அறைவீடு!" என்று கத்துவாள். ஆளுக்கொரு மூலைக்கு ஓட வேண்டும். கதவைப் பூட்டுகிற மாதிரி கண்ணைப் பொத்திக்கொண்டு, வசனத்தை மனதுக்குள் சொல்ல வேண்டும். அவள் "ஆமென்" சொல்லும்வரை வாயைத் திறந்தால் அவுட்.

ஆமென் சொன்னாள். பிள்ளைகள் கூச்சலோடு ஓடிவந்து ஜூஸ் வாங்கிக் குடித்தார்கள்.

ஒரு டம்ளர் மிஞ்சியது.

"அவுட்டாயி அழுதுக்கிட்டே வீட்டுக்குப் போயிருப்பாக்கா. அவ ஒரு அழுமூஞ்சி," என்றான் ஒரு பயல்.

போயிருக்க மாட்டாள். செருப்பு வாசலில் கிடந்தது.

கேட் கிறீச்சிட்டது.

ரோஸ்பெல். ஹெப்சியின் அம்மா. கிறிஸ்துமஸுக்கு மறுநாள் இவள் கையை ஒடித்துப் போட்டுவிட்டுப் போன புருஷன், இன்றுவரை எங்கே என்று தெரியாது. இந்தப் பிள்ளைதான் அவளுக்கு எல்லாம்.

"ஹெப்சி எங்கக்கா?"

"உள்ள... விளையாடுதா."

சொல்லிவிட்டு உள்ளே ஓடினாள்.

பெஞ்சுகளுக்கு அடியில் இல்லை. பலிபீடத்துக்குப் பின்னால் இல்லை. பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே பாடகர் அறைக்குள் நுழைந்தவள், சட்டென்று நின்றாள்.

ஹெப்சி எப்படிப் பதில் சொல்வாள்?

வாயைத் திறந்தால் அவுட்.

"ஆமென்!" தொண்டை கிழியக் கத்தினாள். "ஆமென் ஹெப்சி! ஆமென்!"

மின்விசிறி மட்டும் சுற்றியது.

மூலையில் இரும்பு பீரோ. பாடகர்களின் அங்கிகள் தொங்குகிற பீரோ. இழுத்துச் சாத்தினால் கைப்பிடி தானாக விழுந்துகொள்ளும். உள்ளேயிருந்து திறக்க முடியாது.

மே மாதம். அறையே அடுப்பாகக் கொதித்தது.

கைப்பிடி சிக்கியது. பீரோவைக் காலால் மிதித்துக்கொண்டு திருகினாள்.

திறந்தது.

வெள்ளை அங்கிகளுக்கு நடுவே, தெப்பலாக நனைந்து, முழங்காலில் இருந்தது பிள்ளை. முகம் ரத்தச் சிவப்பு. கண்கள் இறுக மூடியிருந்தன.

மூச்சு இருந்தது.

வாரி எடுக்கக் குனிந்தாள். சின்னக் கை அவள் கையைத் தட்டிவிட்டது.

"சாத்துங்கக்கா," என்றது பிள்ளை, கண்ணைத் திறக்காமலே. "பிதான்னா அப்பான்னு நீங்கதான சொன்னிய? கதவப் பூட்டிக்கிட்டா அந்தரங்கத்துல இருப்பாருன்னு சொன்னியல்லா? எங்கப்பா இன்னும் வரல."

பின்னால் யாரோ நிற்பது தெரிந்தது.

ரோஸ்பெல்.

எல்லாம் கேட்டிருந்தாள்.

அக்கா நிமிர்ந்து திரும்பினாள். "ஜெபம்தான் பண்ணுதா..." என்று இழுத்தாள்.

ரோஸ்பெல் பிள்ளையைப் பார்த்தாள். பிறகு ஜன்னல் வழியாகக் கேட்டைப் பார்த்தாள். புருஷன் ஒடித்த கையைத் தடவிக்கொண்டே ரோட்டைப் பார்த்தாள்.

"வீட்டப் பூட்டிட்டுத்தான வந்தேன்?" என்று முணுமுணுத்தாள்.